ஹைடனின் டி மேஜர் செல்லோ கன்செர்டோ யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படைப்பைப் பற்றிய பேச்சு இது?

18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் 1783இல் எழுதிய டி மேஜர் செல்லோ கன்செர்டோ. கன்செர்டோ என்றால் ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு. தனி செல்லோவுக்குத் துணையாக இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்தி வாத்தியங்கள். நிதானமான நடையில் நீளமான முதல் பகுதி, அப்புறம் ஏ மேஜரில் அடாஜியோ என்ற மெதுவான பகுதி, கடைசியில் 6/8 தாளத்தில், தொடக்க மெட்டு திரும்பத் திரும்ப வரும் துள்ளலான ரோண்டோ. முழுதாக வாசித்து முடிக்க சுமார் 25 நிமிடம் ஆகும். செல்லோ கற்பவர்கள் ஒரு கட்டத்தில் இதைத் தொடாமல் மேலே போக முடியாது. ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்களின் ஆள்தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் உருப்படியும் இதுதான்.

இவ்வளவு பேர்பெற்ற படைப்பை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, "ஹைடன் எழுதியதல்ல, அவர் குழுவில் செல்லோ வாசித்த ஆன்டன் கிராஃப்ட் எழுதியது" என்று பலர் சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சின் மிச்சம் பழைய புத்தகங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் இன்னும் கண்ணில் படுகிறது. கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன.

ஒரே வரியில் சொல்லுங்கள்: எழுதியவர் யார்?

ஹைடன். அவரே எழுதி, கையொப்பமிட்டு, ஆண்டும் குறித்த பிரதி வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஆன்டன் கிராஃப்ட் யார்?

போஹேமியாவில் (இன்றைய செக் நாடு) பில்சன் நகருக்கு அருகிலுள்ள ரோகிட்சானியில் 1749இல் பிறந்தவர். 1778இல் ஹங்கேரியப் பிரபு குடும்பமான எஸ்டர்ஹாசியின் இளவரசர் நிக்கோலஸின் இசைக்குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் தலைவர் ஹைடன். 1790இல் இளவரசர் இறந்து குழு கலைக்கப்படும்வரை கிராஃப்ட் அங்கேயே இருந்தார். பிறகு வியன்னாவில் லோப்கோவிட்ஸ் இளவரசரிடம் வேலை. 1820இல் இறந்தார்.

சாதாரண வாத்தியக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1789 ஏப்ரலில் டிரெஸ்டன் நகரில் மொசார்ட்டோடு சேர்ந்து அவருடைய மூன்று தந்தி வாத்தியப் படைப்பை வாசித்தவர். பீத்தோவன் தன் மூவர் கன்செர்டோவின் செல்லோ பகுதியை இவரை நினைத்தே எழுதினார் என்பார்கள். அந்தப் பகுதியின் கஷ்டம் வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிராஃப்ட் சொந்தமாகவும் எழுதியிருக்கிறார். ஓபஸ் 4 (ஓபஸ் என்பது படைப்பு வரிசை எண்) என்ற சி மேஜர் செல்லோ கன்செர்டோ இன்றும் வாசிக்கப்படுகிறது. இதெல்லாம் போதாதென்று, ஹைடனிடமே கொஞ்ச காலம் இசையமைப்பு படித்தார். சந்தேகம் முளைக்க இதைவிட நல்ல மண் வேண்டுமா?

ஹைடன் பெயரில் அச்சான படைப்பு எப்படி கிராஃப்ட் பெயருக்குப் போனது?

1804இல் ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் யோஹான் ஆந்த்ரே பதிப்பகம் இதை ஓபஸ் 101 என்ற எண்ணோடு, ஹைடன் பெயரில் வெளியிட்டது. ஆசிரியரின் மூலக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துப் பதிப்பித்தது என்ற குறிப்பும் முகப்பிலேயே இருந்தது. அப்போது ஹைடனும் உயிரோடு இருந்தார், கிராஃப்டும் உயிரோடு இருந்தார். இருவரும் வியன்னாவில்தான்.

பிரச்சினை 1837இல் ஆரம்பிக்கிறது. குஸ்டாவ் ஷில்லிங் தொகுத்த இசைக் கலைக்களஞ்சியம் ஸ்டட்கார்ட்டில் வெளியாகிக்கொண்டிருந்தது. அதில் கிராஃப்ட் பற்றிய கட்டுரையில், ஹைடன் பெயரில் உலவும் கன்செர்டோ உண்மையில் கிராஃப்ட் எழுதியது என்று போட்டுவிட்டார்கள். செய்தி கிராஃப்டின் மகன் நிக்கோலஸ் வழியாக வந்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நிக்கோலஸும் பெரிய செல்லோ கலைஞர். 1814லிருந்து இருபது ஆண்டுகள் ஸ்டட்கார்ட் அரசவையில் வாசித்தவர். கலைக்களஞ்சியம் தயாரானதும் அதே ஊரில்தான். ஆகவே செய்தி எந்தத் தெருவழியாக வந்திருக்கும் என்று ஊகிக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

1837இல் ஹைடன் இறந்து 28 ஆண்டு ஆகியிருந்தது, கிராஃப்ட் இறந்து 17 ஆண்டு. மறுக்க யாரும் இல்லை.

மகன் பொய் சொன்னாரா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை. நிக்கோலஸ் பிறந்தது 1778இல். கன்செர்டோ எழுதப்பட்டபோது அவருக்கு ஐந்து வயது. வளர்ந்த காலமெல்லாம் அப்பா வீட்டில் இந்த இசையைச் சாதகம் செய்வதைக் கேட்டிருப்பார். அப்பா சொந்தமாகவும் கன்செர்டோ எழுதியவர். "அப்பாவுக்காக எழுதியது" என்பது அறுபது வயதை நெருங்கும் ஒருவர் நினைவில் "அப்பா எழுதியது" என்று மாறிப்போக எந்தக் கெட்ட எண்ணமும் வேண்டாம்.

குற்றம் சொல்வதானால், ஒரே ஒரு வாயிலிருந்து வந்த, நேரில் கண்டதல்லாத, அதுவும் குடும்பப் பெருமை கலந்த செய்தியைச் சரிபார்க்காமல் அச்சேற்றியவர்களைச் சொல்லலாம். அதற்குப்பின் வந்த புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. பத்து நூல்கள் சொல்வதுபோலத் தோன்றும், தோண்டிப் பார்த்தால் பத்தும் அந்த 1837 கட்டுரையில் போய் நிற்கும்.

ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எப்படி நூறு ஆண்டு நின்றது?

மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

முதலாவது, மூலப்பிரதி கண்ணில் இல்லை. ஆந்த்ரே பதிப்பகம் பார்த்ததாகச் சொன்ன அந்தக் கையெழுத்துப் பிரதி எங்கே போனது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. பதிப்பாளர் சொன்னதை வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடுவது சுலபமாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொசார்ட் இறந்தபின் அவருடைய கையெழுத்துப் பிரதிகளை அவர் மனைவி கான்ஸ்டான்ஸிடமிருந்து மொத்தமாக வாங்கியவர், அந்தப் பதிப்பகத்தை அப்போது நடத்திய யோஹான் ஆன்டன் ஆந்த்ரேதான். மூலப்பிரதியைப் பார்த்து அச்சிடுவதில் அன்றைக்கு அவரைவிட அக்கறை காட்டிய பதிப்பாளர்கள் மிகக் குறைவு. அவர் சொல்லுக்கு இருந்த எடையை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது, கஷ்டம். செல்லோ பகுதி உச்ச ஸ்தாயியில் ஏறி அங்கேயே குடியிருக்கும். கட்டைவிரலைத் தந்தியில் ஊன்றி வாசிக்கும் இடங்கள், இரட்டைத் தந்திகள், வேகமான எட்டாம் சுர இணைகள் எல்லாம் உண்டு. "ஹைடன் செல்லோ வாசித்தவர் இல்லை. இப்படி விரல் நுணுக்கம் தெரிந்து எழுத ஒரு செல்லோக்காரரால்தான் முடியும்" என்ற வாதம் பார்க்கப் பலமாகத் தெரிந்தது.

மூன்றாவது காரணம் ஜெவார்ட். பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரியின் தலைவராக இருந்த பிரான்சுவா-ஒகுஸ்த் ஜெவார்ட் 1890 வாக்கில் இந்தக் கன்செர்டோவை மறுபடி ஆர்கெஸ்ட்ரா அமைத்து, கூடுதல் காற்று வாத்தியங்களைச் சேர்த்துக் கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை மேடையில் ஒலித்தது பெரும்பாலும் அந்த வடிவம்தான். கொழுத்த 19ஆம் நூற்றாண்டு ஒலியில் அதைக் கேட்டுவிட்டு "இது ஹைடன் மாதிரி இல்லையே" என்றார்கள். ஒருவிதத்தில் சரிதான். காதில் விழுந்தது ஜெவார்ட்.

கையெழுத்துப் பிரதி எப்போது வெளிப்பட்டது?

1950களின் தொடக்கத்தில், வியன்னாவில். ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த லியோபோல்ட் நோவாக் 1954இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வெளியிட்டார். புருக்னர் சிம்பொனிகளின் பதிப்பாசிரியர் என்ற வகையில் பலருக்குத் தெரிந்த அதே நோவாக்தான்.

பிரதியில் இருப்பது ஹைடனின் கையெழுத்து. அவர் கையொப்பமும் 1783 என்ற ஆண்டும் இருக்கின்றன. தன் படைப்புகளில் இத்தாலிய மொழியில் "என்னால், ஜுசெப்பே ஹைடன்" என்று கையொப்பமிட்டு ஆண்டைப் போடுவது அவர் பழக்கம். முதல் பக்கத்தின் மேலே "ஆண்டவன் பெயரால்" என்று லத்தீனில் தொடங்குவதும், முடிவில் கடவுளுக்குப் புகழ் சொல்லி நிறுத்துவதும் அதே பழக்கத்தின் பகுதி. இந்த மனிதரின் ஏராளமான பிரதிகள் கைவசம் இருப்பதால், சுரத் தலைகளை அவர் போடும் விதம், அடைப்புக் கோடுகளின் வளைவு எல்லாம் ஆய்வாளர்களுக்கு அத்துப்படி. கையெழுத்தை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை.

கிராஃப்ட் எழுதியதை ஹைடன் நகல் எடுத்து, தன் பெயரைப் போட்டிருக்கலாமே?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்களைச் சந்தேகப் பிராணிகள் என்று ஒதுக்க முடியாது. காரணம், ஹைடன் இந்த விஷயத்தில் அப்பழுக்கில்லாதவர் அல்ல. 1784இல் லண்டனில் இருந்த வில்லியம் ஃபார்ஸ்டர் என்ற பதிப்பாளருக்கு மூன்று பியானோ ட்ரியோக்களை (பியானோவோடு மூவர் வாசிக்கும் படைப்புகள்) தன் பெயரில் அனுப்பினார். அவற்றில் இரண்டு அவருடைய மாணவர் இக்னாஸ் பிளெயெல் எழுதியவை என்றுதான் இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். விஷயம் பிறகு லண்டன் பதிப்பாளர்களுக்கிடையே வழக்காகவும் வெடித்தது. ஆக, நம் கன்செர்டோவுக்கு அடுத்த ஆண்டே மாணவர் சரக்கைத் தன் பெயரில் ஒருமுறை விற்ற மனிதர் இவர்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்ரியோக்களில் நோக்கம் தெளிவு: தொலைதூரத்தில் இருக்கும் பதிப்பாளருக்குச் சொன்ன தேதிக்குள் எண்ணிக்கை நிரப்ப வேண்டும், காசு வாங்க வேண்டும். கன்செர்டோவை ஹைடன் யாருக்கு விற்றார்? அது அச்சுக்குப் போகவே இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1783இல் அதை வாசிக்கப்போகிறவர் கிராஃப்ட், கேட்கப்போகிறவர் இருவருக்கும் சம்பளம் கொடுக்கும் இளவரசர். கிராஃப்ட் எழுதியதையே ஹைடன் முழுதாக நகலெடுத்துத் தன் கையொப்பமும் போட்டு, அதைக் கிராஃப்டிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார் என்றால், ஏமாற்றப்பட்டது யார்? குழுவுக்கு நகல் எடுக்க எழுத்தர்களும் இருந்தார்கள். குழுத் தலைவர் உட்கார்ந்து மாணவர் படைப்பை முழு ஸ்கோராக எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மாற்றுக் கதை இருக்க முடியும் என்பதாலேயே அது சமபலம் ஆகிவிடாது. அதற்கென்று ஏதாவது சான்று வேண்டும். இங்கே அந்தப் பக்கத்தில் 1837இன் ஒரு வாக்கியம் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் கிராஃப்டுக்கு இதில் பங்கே இல்லையா?

இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குறிப்பிட்ட கலைஞரின் விரல்களை மனதில் வைத்து எழுதுவது அந்தக் கால வழக்கம். தினமும் ஒத்திகையில் சந்திக்கும் செல்லோக்காரரிடம் "இந்த இடம் கைக்கு வருமா?" என்று ஹைடன் கேட்டிருப்பது இயல்பு. செல்லோவின் உச்சியில் இவ்வளவு நேரம் உலாவும் இசையை, அதை அழகாக வாசிக்க ஆள் பக்கத்தில் இல்லாமல் யாரும் எழுதத் துணியமாட்டார்கள். அந்த அளவில் கிராஃப்ட் இந்தக் கன்செர்டோவின் காரணகர்த்தா. எழுதியவர் அல்ல.

கிராஃப்டின் சொந்த ஓபஸ் 4 கன்செர்டோவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். கிராஃப்டிடம் விரல் வித்தை முன்னே வந்து நிற்கும், ஆர்கெஸ்ட்ரா வழிவிட்டு ஒதுங்கும். டி மேஜரில் வித்தை எவ்வளவு இருந்தாலும் முதல் பகுதியின் தொடக்க மெட்டு போகப் போக எதையெதையோ ஈன்றுகொண்டே இருக்கும். ஆனால் இது அபிப்பிராயம்தான். இதை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினால் நானும் பழைய ஆட்கள் செய்ததையே செய்தவனாவேன்.

சி மேஜர் கன்செர்டோவுக்கு இந்தச் சந்தேகம் வரவில்லையா?

அதன் கதை நேர்மாறானது. அங்கே பெயர் இருந்தது, இசைதான் இல்லை.

ஹைடன் 1765 வாக்கிலிருந்து தன் படைப்புகளை ஒரு குறிப்பேட்டில் பதிந்துவந்தார். ஒவ்வொன்றின் தொடக்கச் சுரங்களையும் எழுதி வைப்பார். அதில் சி மேஜரில் ஒரு செல்லோ கன்செர்டோவின் தொடக்கம் இருந்தது. படைப்பு தொலைந்துபோனதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1961இல் பிராகாவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஓல்ட்ரிச் புல்கர்ட் என்ற இசையியலாளர், ராடெனின் மாளிகையிலிருந்து வந்து சேர்ந்த இசைத் தொகுப்பில் வாத்தியவாரியாக எழுதப்பட்ட பழைய நகல் ஒன்றைக் கண்டார். தொடக்கச் சுரங்கள் ஹைடனின் குறிப்பேட்டோடு அப்படியே பொருந்தின. 1962 மே 19 அன்று பிராகா வசந்த விழாவில் மிலோஷ் சாட்லோ வாசிக்க, சார்லஸ் மெக்கரஸ் நடத்த, அது மறுபடி உயிர்பெற்றது.

ஹைடன் கைப்பட எழுதிய பிரதி இதற்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் யாரும் சந்தேகிக்கவில்லை. தன் கையால் ஆசிரியர் எழுதிவைத்த பட்டியலோடு பொருந்துவது அவ்வளவு வலுவான சாட்சி.

இந்தக் கண்டுபிடிப்பால் டி மேஜருக்கும் ஒரு லாபம். சி மேஜர் கன்செர்டோ 1760களின் முற்பகுதியில், கிராஃப்ட் அங்கே வருவதற்குப் பல ஆண்டு முன்பு, யோசப் வைகல் என்ற செல்லோ கலைஞருக்காக எழுதப்பட்டது. அதன் கடைசிப் பகுதியை வாசித்தால் விரல் நோகும். "செல்லோவுக்கு இவ்வளவு கஷ்டமாக ஹைடனுக்கு எழுதத் தெரியாது" என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

ஹைடன் பெயரில் வேறு செல்லோ கன்செர்டோக்களும் கிடைக்கின்றனவே?

கவனமாக இருங்கள். டி மேஜரில் இன்னொன்று "ஹைடன் கன்செர்டோ" என்ற பெயரில் அச்சாகி உலவியது. ஹைடன் படைப்புகளுக்கு எண் கொடுக்கும் ஹோபோகன் பட்டியலில் 4ஆம் எண். அதை எழுதியவர் ஜோவான்னி பத்திஸ்தா கோஸ்தான்சி என்ற ரோம் நகர செல்லோ மேதை. அவர் ஹைடனைவிட ஒரு தலைமுறை மூத்தவர், 1704இல் பிறந்தவர். மாணவர்களுக்கு ஏற்ற நல்ல இசை, வாசியுங்கள், பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.

5ஆம் எண் சி மேஜர் கன்செர்டோ அதைவிடச் சுவாரசியம். 1899இல், செல்லோ உலகில் எட்யூடுகள் என்ற பயிற்சி உருப்படிகளுக்குப் பேர்போன டேவிட் பாப்பர், ஹைடன் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு ஆக்கியதாகச் சொல்லி வெளியிட்டார். அதில் இருப்பது பாப்பர்தான்.

18ஆம் நூற்றாண்டில் ஏன் இவ்வளவு குழப்பம்?

ஹைடன் பெயர் விற்றது, அதனால். இன்று போலப் பதிப்புரிமை கிடையாது. பெரும்பாலான இசை அச்சில் அல்ல, கையால் எழுதிய நகல்களாகக் கைமாறியது. வியன்னாவில் அதற்கென்றே நகல் கடைகள் இருந்தன. முகப்பில் பெயர் இல்லாத பிரதி ஒன்று மடாலயத்துக்கோ மாளிகைக்கோ போய்ச் சேரும். யாரோ ஒருவர் பென்சிலால் "ஹைடன்" என்று எழுதுவார். அது அடுத்த நகலில் மையால் வரும்.

எழுதியவரே நேரில் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. அடால்பர்ட் கிரோவெட்ஸ் என்ற இசையமைப்பாளர் 1789இல் பாரிஸ் போனபோது, தன் சிம்பொனி ஒன்று அங்கே ஹைடன் பெயரில் உலவிக்கொண்டிருப்பதைக் கண்டார். தன்னுடையது என்று நிறுவ அவர் பாடுபட வேண்டியிருந்தது.

பதிப்பாளர்கள் தெரிந்தே செய்ததும் நடந்தது. ஹைடனின் ஓபஸ் 3 என்று தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட ஆறு தந்தி நால்வர் படைப்புகள் இருக்கின்றன. அவற்றை முதலில் அச்சிட்டது பாரிஸின் பாய்யூ பதிப்பகம். 1964இல் இசை ஆய்வாளர்கள் ஆலன் டைசனும் எச். சி. ராபின்ஸ் லாண்டனும் அந்தப் பழைய அச்சை உற்றுப் பார்த்தார்கள். அச்சுத் தகட்டில் முதலில் செதுக்கியிருந்த வேறொரு பெயரைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது: ஹோஃப்ஸ்டெட்டர். ரோமன் ஹோஃப்ஸ்டெட்டர் என்ற துறவி. ஹைடனே முதுமையில் தன் படைப்புகளின் பட்டியலில் இந்த ஆறையும் ஒப்புக்கொண்டிருந்தார் என்பதுதான் தலைசுற்ற வைக்கும் பகுதி.

போக்கரினியின் பி பிளாட், ஜே. சி. பாக்கின் சி மைனர் கன்செர்டோக்களும் இப்படித்தானா?

இரண்டும் வெவ்வேறு வகை. போக்கரினியின் பி பிளாட் மேஜர் கன்செர்டோவை அவர்தான் எழுதினார். ஆனால் ரொம்பக் காலம் எல்லோரும் வாசித்தது 1895இல் ஃபிரெடெரிக் குரூட்ஸ்மாக்கர் தந்த வடிவம். அவர் போக்கரினியின் வேறு கன்செர்டோக்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டினார். அழகான அந்த மெதுவான பகுதி உண்மையில் ஜி மேஜர் கன்செர்டோவைச் சேர்ந்தது. செல்லோ கலைஞர் ஜாக்கலின் டு ப்ரே 1967இல் பதிவு செய்ததும் இந்த ஒட்டுவேலையைத்தான், அதனால் அதன் இனிமை எதுவும் குறைந்துவிடவில்லை. இங்கே முகப்பில் "போக்கரினி–குரூட்ஸ்மாக்கர்" என்று போட்டால் நியாயம்.

ஜே. சி. பாக்கின் சி மைனர் என்று விற்கப்படுவது அப்பட்டமான போலி. எழுதியவர் 20ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கசதேசு. ஹாண்டலின் பி மைனர் வயோலா கன்செர்டோ என்பதும் அவர் கைவேலை. அவர் தம்பி மாரியூஸ், மொசார்ட் பெயரில் உலவிய "அடெலைட்" வயலின் கன்செர்டோவைத் தான்தான் எழுதினேன் என்று 1977இல் ஒப்புக்கொண்டார். குடும்பத் தொழில்.

ஜெவார்ட் வடிவத்தில் உள்ள பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கலாமா?

தாராளமாக. செல்லோ கலைஞர் இமானுவேல் ஃபாயர்மன் 1935இல் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் மால்கம் சார்ஜென்ட்டோடு செய்த பதிவைக் கேட்காமல் விடுவது நஷ்டம். அந்த உச்ச ஸ்தாயியில் அவர் போல யாரும் சர்வசாதாரணமாக நடமாடியதில்லை. ஆர்கெஸ்ட்ரா ஒலி ஹைடன் கேட்டதல்ல என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே வாசிப்பதானால் மூலத்தை ஒட்டிய பதிப்பை வாங்குங்கள். கொலோனில் உள்ள ஹைடன் ஆய்வு நிறுவனத்தின் முழுத்தொகுப்பில் செல்லோ கன்செர்டோக்களை சோன்யா கெர்லாக் பதிப்பித்திருக்கிறார். ஹென்லே பதிப்பகம் அதைச் சார்ந்த மாணவர் பதிப்பும் போடுகிறது.

நிகழ்ச்சி நிரலில் எப்படி எழுதுவது?

"ஜோசப் ஹைடன், செல்லோ கன்செர்டோ எண் 2, டி மேஜர், 1783" போதும். "ஓபஸ் 101" என்பது பதிப்பாளர் போட்ட எண், ஹைடன் போட்டதல்ல. விட்டுவிடலாம். "ஹைடன் எழுதியதாகக் கருதப்படும்", "ஹைடன் அல்லது கிராஃப்ட்" என்று எச்சரிக்கையாக எழுதுவது நடுநிலை போலத் தெரியும். தீர்ந்துபோன சந்தேகத்தைத் தூசு தட்டி எடுத்துவைப்பதுதான் அது. கிராஃப்ட் பெயரைக் குறிப்பிட ஆசையா? "ஆன்டன் கிராஃப்டுக்காக எழுதப்பட்டது" என்று போடுங்கள், அவருக்கும் மரியாதை.

வேறொரு பழைய படைப்பில் பெயர் தவறு என்று எனக்குச் சந்தேகம். எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து தொடங்காதீர்கள். "இது அவர் பாணி இல்லை" என்ற எண்ணம் தேடலைத் தூண்டட்டும், முடிவைச் சொல்ல வேண்டாம். முதலில் தொடக்கச் சுரங்களை எடுத்துக்கொண்டு ரிஸ்ம் என்ற சர்வதேச இசை மூலங்களின் பட்டியலில் தேடுங்கள். 1952இல் தொடங்கிய திட்டம், இணையத்தில் இலவசம், சுரங்களைத் தட்டச்சு செய்தே தேடலாம். அதே தொடக்கம் வேறு ஊர் நூலகத்தில் வேறு பெயரில் கிடந்தால் கதை ஆரம்பம். அடுத்து லைப்ஸிக்கின் பிரைட்கோப்ஃப் நிறுவனம் 1762 முதல் 1787 வரை சுரங்களோடு வெளியிட்ட விற்பனைப் பட்டியல்களைப் பாருங்கள். அவையும் தவறு செய்யும், ஆனால் அந்தக் காலத்துத் தவறு.

அப்புறம் பிரதிகளை எடைபோடுங்கள், எண்ணாதீர்கள். ஒன்றைப் பார்த்து எழுதிய ஐந்து நகல்கள் ஒரே சாட்சிதான். இசையமைப்பாளர் வாழ்ந்த ஊருக்குப் பக்கத்தில், அவர் காலத்தில், அவருக்குத் தெரிந்த எழுத்தர் எடுத்த ஒரு நகல் அந்த ஐந்தையும் சாய்க்கும். தாளின் நீர்க்குறியும், சுரக் கோடுகளை ஒரே இழுப்பில் போட்ட பல முனைச் சீப்புப் பேனாவின் இடைவெளியும்கூட ஊரையும் ஆண்டையும் காட்டிக்கொடுக்கும். விற்கும் பெயருக்கும் விற்காத பெயருக்கும் போட்டி வந்தால், விற்காத பெயர் பக்கம் கொஞ்சம் சாயலாம். தெரியாத ஒருவர் படைப்பில் ஹைடன் பெயரைப் போட ஆயிரம் பேருக்குக் காரணம் இருந்தது. ஹைடன் படைப்பில் தெரியாத ஒருவர் பெயரைப் போட யாருக்கும் பெரிய காரணம் இல்லை. நம் டி மேஜர் இந்த விதிக்கு அடங்காத அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இங்கே பிரபலமானவர் பெயர்தான் சரி.

டி மேஜர்தானே முதலில் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்கு ஏன் எண் 2?

அந்தோனி வான் ஹோபோகன் தொகுத்த ஹைடன் பட்டியலின் முதல் தொகுதி 1957இல் வந்தது. சி மேஜர் பிரதி கிடைத்ததோ 1961இல். அப்படியும் ஹோபோகன் அதற்கு 1 என்ற எண்ணை ஒதுக்கியிருந்தார். ஹைடனின் குறிப்பேட்டில் அதன் தொடக்கச் சுரங்கள் இருந்தன, அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அதே குறிப்பேட்டில் சி மேஜரில் இன்னொரு செல்லோ கன்செர்டோவின் தொடக்கமும் இருக்கிறது. அதற்கு எண் 3. அது இன்னும் கிடைக்கவில்லை.